பக்கத்து வீடும் சேர்ந்ததுதான் வீடு

சென்னையில் 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம், ஆரம்ப ஆண்டுகளில் பெரும்பாலும் குடிசைகள் இருந்த இடத்திலேயே அடுக்குமாடிகளைக் கட்டியது. 2000க்குப் பிறகோ கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரின் தென்கோடிக்கு மக்களை அனுப்புவது வழக்கமாயிற்று. அங்கே சுவரும் கூரையும் கழிப்பறையும் கிடைத்தன; அது சிறிய பேறல்ல. ஆனால், வேலைக்குப் போகும் தாயின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி, மாதக் கடைசியில் வட்டியில்லாமல் கைமாறும் நூறு ரூபாய், நள்ளிரவுக் காய்ச்சலுக்கு ஆட்டோ பிடித்து வரும் எதிர்வீட்டுக்காரர் என்று இவற்றையெல்லாம் எந்த ஒதுக்கீட்டு ஆணையும் தருவதில்லை. சொற்ப வருமானத்தில் குடும்பம் ஓடுவது இத்தகைய உதவிகளால்தான். அவை அறுந்துபோனால் அத்தனையையும் காசு கொடுத்து வாங்க வேண்டும். மலிவாகக் கிடைத்த வீடு அப்போது விலை கூடியதாகிவிடுகிறது.

ஆற்றங்கரைக் குடிசைகளில் வாழ்பவர்களை வெள்ள ஆபத்தோடு விட்டுவைக்கலாமா என்று கேட்பது நியாயமே. விடக்கூடாதுதான். ஆயினும், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய அந்தப் புதுக் குடியிருப்புப் பகுதிகளையும் பெருமழையில் நீர் சூழ்கிறது. நகருக்குள் நிலம் விலை அதிகம் என்பதும் உண்மை. ஆனால், தொலைவில் கட்டுவதால் மிச்சமாகும் அந்த விலை வித்தியாசத்தைப் பேருந்துக் கட்டணமாகவும் இழந்த கூலியாகவும் ஏழைகளே கட்டுகிறார்கள். இடம்பெயர்ப்பது தவிர்க்க முடியாததென்றால், அருகிலேயே இடம் தாருங்கள். வீடு ஒதுக்கும் குலுக்கலில் பிரித்துவிடாமல், ஒரே தெருக்காரர்களை ஒரே பிளாக்கில் குடியேற்றுங்கள்.