பெட்டிக்கு வெளியே ஒரு புள்ளி

காரவள்ளியைத் தாண்டினால் கொல்லிமலை ஏற்றம் ஆரம்பம். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தின் உயரம், உச்சியின் உயரம், ரோட்டின் நீளம் மூன்றையும் வைத்துக்கொண்டு ஒருத்தர் உட்கார்ந்து வகுத்து, ‘சராசரி ஏற்றம் இவ்வளவுதான்’ என்று ஒரு எண் சொல்கிறார் என்று வையுங்கள். கணக்கில் தப்பே இல்லை. ஆனால், அந்த எண்ணை மட்டும் நம்பி ஒரு டிரைவர் பஸ்ஸை எடுத்தால் நீங்கள் ஏறுவீர்களா? சராசரி ரோட்டில் வளைவே கிடையாதே, சாமி!

மலையை விடுங்கள். நம் பிள்ளைகளை அப்படித்தானே அளக்கிறோம்? “ஏனுங், அந்தப் பள்ளிக்கூடம் எப்படிங்க?” என்று நாமக்கல் பக்கம் யாரையாவது கேளுங்கள். “ஆவரேஜ் நல்லா இருக்குதுங்க” என்பார்கள். பேச்சு அதோடு முடிந்தது.

இரண்டு வகுப்புகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரண்டிலும் பதினோரு பிள்ளைகள். முதல் வகுப்பின் கணக்கு மார்க்: 22, 35, 38, 41, 44, 46, 52, 56, 61, 68, 98. இரண்டாவது வகுப்பு: 48, 49, 50, 50, 51, 51, 51, 52, 52, 53, 54. கூட்டிப் பாருங்கள். இரண்டுமே 561. சராசரியும் இரண்டுக்கும் 51தான். ரிப்போர்ட்டில் இரட்டைப் பிள்ளைகள். ஆனால், இரண்டு வகுப்புக்கும் ஒரே மாதிரி பாடம் நடத்துகிற வாத்தியாரை என்னவென்று சொல்வது?

இந்த இடத்தில் ஒரு படம் உதவிக்கு வருகிறது. ‘பாக்ஸ் அண்ட் விஸ்கர் ப்ளாட்’ என்று பெயர். விஸ்கர் என்றால் பூனை மீசை. பெட்டியும் மீசையும் என்று வைத்துக்கொள்ளலாம். மேரி எலினார் ஸ்பியர் என்ற அமெரிக்கப் பெண்மணி 1952-லேயே இதன் மூத்த வடிவத்தைப் போட்டுக் காட்டினார். இன்றைய வடிவத்தைப் பிரபலமாக்கியது ஜான் டூக்கி, 1977-ல் வந்த அவருடைய புத்தகம் மூலமாக.

செய்வது சுலபம். மார்க்குகளைப் பெயரில்லாத துண்டுச் சீட்டுகளில் எழுதி, சின்னதிலிருந்து பெரிசாக அடுக்குங்கள். (பிள்ளைகளையே மார்க் வரிசையில் நிற்க வைக்க வேண்டாம். அந்தப் புண்ணியம் ஏற்கெனவே நிறைய நடக்கிறது.) நட்டநடுவில் இருக்கும் ஆறாவது சீட்டு மீடியன். முதல் வகுப்பில் அது 46. மூன்றாவது சீட்டு 38, ஒன்பதாவது 61. இவை இரண்டும் குவார்ட்டைல்கள். பி.காம். படித்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் பழைய சிநேகிதர்கள். எங்கள் காலத்தில் ஃபார்முலாவை மனப்பாடம் செய்வதோடு சரி, படமாக யாரும் போட்டுக் காட்டவில்லை.

இனி 0 முதல் 100 வரை ஒரு கோடு போட்டு, 38-லிருந்து 61 வரை ஒரு பெட்டி. 46-ல் பெட்டிக்குள் ஒரு குறுக்குக் கோடு. வகுப்பின் நடுப்பாதி இந்தப் பெட்டிக்குள் அடங்கிவிட்டது. இடதுபக்க மீசை 22 வரை போகிறது. வலதுபக்க மீசை 98 வரை போகாது. டூக்கி ஒரு எல்லை வைத்தார்: பெட்டியின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு. நம் பெட்டியின் அகலம் 23. அதில் ஒன்றரை மடங்கு 34.5. ஆக, 95.5-க்கு மேல் இருப்பது மீசையில் சேராது. மீசை 68-லேயே நின்றுவிட, 98 மட்டும் தன்னந்தனியாக ஒரு புள்ளி.

இரண்டாவது வகுப்புக்கும் போட்டுப் பாருங்கள். பெட்டி 50-லிருந்து 52 வரை. தீப்பெட்டியில் பாதிகூட இல்லை!

அந்த 98-க்கு வருவோம். அந்த ஒரு பிள்ளையை எடுத்துவிட்டால் முதல் வகுப்பின் சராசரி 46.3-க்கு இறங்கிவிடும். மீதிப் பத்துப் பேருடைய கௌரவத்தையும் ஒரு பிள்ளை சுமந்துகொண்டிருக்கிறது. பள்ளிகள் ஃபிளெக்ஸ் அடிப்பதும் அந்தப் புள்ளிக்குத்தான், பெட்டிக்கு இல்லை. 2017-ல் தமிழக அரசு மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. என் கணக்கில் நல்ல காரியம். ஆனால், புள்ளியைக் கொண்டாடுவது நம் ரத்தத்தில் இருக்கிறது. செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது, ஆடியில் விழா இருக்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவர், சும்மாவா? அவர் காலத்துக் கொல்லிமலையில் ஒரு கவளத்தை இரண்டாகப் பிட்டுக் கொடுத்த சாதாரணர்கள் பெட்டிக்குள் இருக்கிறார்கள், பெயரில்லாமல்.

கூட்டத்தோடு ஒட்டாத எண்ணைக் கண்டால் நமக்கு இரண்டே புத்திதான். ஒன்று, மாலை போடுவோம். இல்லாவிட்டால், ‘ஏதோ தப்பு’ என்று தள்ளிவைப்போம். அன்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் படலம் பயங்கரமாகக் குறைந்திருப்பதை 1985-ல் உலகுக்குச் சொன்னவர்கள் ஜோ ஃபார்மன் உள்ளிட்ட பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் மூன்று பேர். அவர்கள் தரையில் நின்று அளந்தவர்கள். மேலே சுற்றிக்கொண்டிருந்த அமெரிக்கச் செயற்கைக்கோளும் அந்தக் குறைந்த எண்களைப் பார்த்துத்தான் இருந்தது. ஆனால், நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்ததால், அவற்றுக்குச் சந்தேக முத்திரை குத்தி வைத்திருந்தது கம்ப்யூட்டர் புரோகிராம்.

வகுப்பில் சந்தேக முத்திரை யாருக்கு விழும்? 22-க்கு.

நாமக்கல் மாவட்டத்தில், கீழே சமவெளியில், மார்க்குக்காகவே ஊர் ஊராகப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற தனியார் விடுதிப் பள்ளிகள். காரவள்ளிக்கு மேலே பழங்குடிப் பிள்ளைகளுக்கான அரசு உண்டு உறைவிடப் பள்ளிகள். ரிசல்ட் அன்று இரண்டையும் சேர்த்து மாவட்டத்துக்கு ஒரே ஒரு சதவிகிதம். அதைப் பார்த்து மேலே இருக்கிற பள்ளிக்கு என்ன வேண்டும், இன்னொரு வாத்தியாரா, மாலை பஸ்ஸா என்று முடிவு செய்ய முடியுமா? மலைக்கு ஒரு பெட்டி, தரைக்கு ஒரு பெட்டி என்று ஒன்றின் கீழ் ஒன்றாக வரைந்தாலாவது கேள்வி கேட்க ஒரு இடம் கிடைக்கும்.

படம் பதில் சொல்லாது. 22 எடுத்தது பெண்ணா பையனா, காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பியது, வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, ஒன்றும் அதில் இல்லை. அங்கே ஒருத்தர் இருக்கிறார் என்று மட்டும் சொல்லும். சராசரி அதைக்கூடச் சொல்வதில்லை. 51-க்குள் அந்தப் பிள்ளை கரைந்துவிடுகிறது.

அதோடு, சராசரிக்கு ஒரு கெட்ட ஆசையும் உண்டு. 22-ஐ வகுப்பைவிட்டே எடுத்துவிட்டால் அது 53.9-க்கு ஏறிவிடும். பாஸ் மார்க் 35. ஆக, தேர்ச்சியும் நூறு சதவிகிதம். ஒரு எழுத்துகூடக் கூடுதலாகச் சொல்லித் தராமல்! ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் பெற்றோரைக் கூப்பிட்டு, “வேற ஸ்கூல் பாத்துக்கங்க” என்று டி.சி. நீட்டுவதன் கணிதம் இவ்வளவுதான். மீசையும் குட்டையாகும், படமும் அழகாகும். அந்த 22, ஜூன் மாதம் இன்னொரு பள்ளியின் கரும்பலகையில், அதே இடது ஓரத்தில் வந்து நிற்கும்.