பேயும் நோவும்

1831இல் லண்டன் பதிப்பகம் ஒன்று 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலைத் தன் மலிவுவிலை நாவல் வரிசையில் மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. கூடவே ஒரு முன்னுரையும் கேட்டது. அவ்வளவு சின்னப் பெண்ணுக்கு இவ்வளவு கோரமான நினைப்பு எங்கிருந்து வந்தது என்று பார்ப்பவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள்; அதற்கு ஒரு பதில் வேண்டும். மேரி ஷெல்லிக்கு அப்போது 34 வயது. கணவரை இழந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. பேனாவையும் நம்பித்தான் மகனைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தார். முன்னுரையை எழுதிக்கொடுத்தார்.

ஜெனீவா ஏரிக்கரை வீடு, விடாமல் பெய்த மழை, ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்று கவிஞர் பைரன் சொன்னது, தூக்கம் பிடிக்காத ஓர் இரவில் மூடிய கண்ணுக்குள் தெரிந்த காட்சி எல்லாம் அதில் இருக்கின்றன. கடைசியில் இந்தப் புத்தகத்தின்மேல் தனக்கு ஒரு பிரியம் உண்டு என்கிறார். காரணமும் சொல்கிறார். அது சந்தோஷமான நாள்களில் பிறந்ததாம். சாவும் துக்கமும் அன்றைக்குத் தனக்கு வெறும் சொற்களாகத்தான் இருந்தனவாம்.

அவருடைய நாட்குறிப்பு வேறு மாதிரி சொல்கிறது. 1815 பிப்ரவரி 22 அன்று, பதினேழு வயதில், மேரிக்குக் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. மார்ச் 6 காலையில் அது இறந்து கிடந்தது. பெயர் வைத்ததாகப் பதிவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு கனவைக் குறித்துவைக்கிறார். குழந்தை சாகவில்லை, குளிர்ந்துதான் போயிருந்தது. கணப்பின் அருகில் வைத்துத் தேய்த்துவிட்டார்கள், உயிர் வந்துவிட்டது. விழித்தால் குழந்தை இல்லை. செத்த உடம்புக்கு உயிர் கொடுக்கும் மாணவனைப் பற்றி அவர் எழுதத் தொடங்கியது அதற்கு அடுத்த ஆண்டு ஜூன் மாதம்.

இந்த இரண்டு தேதிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவர்கள் முடிச்சுப் போடாமல் இருக்க முடியாது. 1976இல் எலன் மோர்ஸ் என்ற அமெரிக்க விமர்சகர் இந்த நாவலைப் பிள்ளைப்பேற்றின் பயத்திலிருந்து வந்த கதையாகப் படித்துக்காட்டினார். அதன்பின் அப்படிப் படிப்பது வழக்கமாகவே ஆகிவிட்டது. பொருத்தம் தேடி அலைய வேண்டியதும் இல்லை. மேரி பிறந்தபோது தாய் மேரி வோல்ஸ்டன்கிராஃப்ட்டுக்கு நஞ்சுக்கொடி வெளிவரவில்லை. மருத்துவர் கையை விட்டுத் துண்டு துண்டாக எடுத்தார். பதினோராம் நாள் காய்ச்சலில் தாய் இறந்தார். பெண்ணுரிமைக்காக ஐரோப்பாவே திரும்பிப் பார்க்கும்படி எழுதிய கை, மகளைத் தூக்கி வளர்க்க இருக்கவில்லை. பிறப்பதும் கொல்வதும் ஒரே காரியம் என்று நினைக்க மேரிக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

இதுவரை சரி. இதற்கு மேல் ஒரு படி போகிறார்கள்: அவர் அந்தக் கோரத்தை எழுதினார், எழுதியதால் ஆறினார் என்று. மனக்காயம் பட்டவர்களைத் திகில் கதை எழுதச் சொல்லும் இன்றைய பட்டறைகளுக்கு மேரி ஷெல்லி ஏறக்குறைய குலதெய்வம். எனக்கு இடிப்பது அந்தக் கடைசிப் படிதான்.

1816 ஜூனில் அவர் கதையைத் தொடங்கியபோது, ஐந்து மாதக் கைக்குழந்தையாக அவருடைய மகன் வில்லியம் பக்கத்தில் இருந்தான். நாவலில் அந்த மாணவன் உயிர் கொடுத்த பூதம் முதலில் கொல்வது ஒரு சின்னப் பையனை. கழுத்தை நெரித்துக் கொல்கிறது. அவன் பெயரும் வில்லியம். நம் வீடுகளில் என்றால் பாட்டி பேனாவைப் பிடுங்கி எறிந்திருப்பாள். அச்சானியமாக எழுதாதே என்று. பயத்தை முன்கூட்டியே தாளில் நடத்திப் பார்த்துவிட்டால் அது அடங்கும் என்பது நவீன நம்பிக்கை. வாயால் சொன்னால் பலித்துவிடும் என்பது பாட்டியின் நம்பிக்கை. 1819 ஜூன் 7 அன்று, ரோமில், மூன்று வயது வில்லியம் காய்ச்சலில் இறந்தான். அதற்கு முந்தைய செப்டம்பரில் வெனிஸில் ஒரு வயது மகள் கிளாரா இறந்திருந்தாள். பாட்டி சொன்னது சரி என்று நான் சொல்லவில்லை. பட்டறைக்காரர்கள் சொல்வதற்கும் இங்கே சான்று இல்லை.

புத்தகம் எழுதப்பட்டுக்கொண்டிருந்த மாதங்களும் லேசானவை அல்ல. 1816 அக்டோபரில் அக்காள் ஃபேனி அபினிச் சாறு குடித்து இறந்தாள். டிசம்பரில் பெர்சி ஷெல்லியின் முதல் மனைவி ஹேரியட் லண்டன் பூங்கா ஏரி ஒன்றில் பிணமாக மிதந்தாள், அவள் கர்ப்பிணி. அந்த மாதம் 30ஆம் தேதி மேரிக்கும் பெர்சிக்கும் முறைப்படி திருமணம் நடந்தது. இவற்றுக்கு நடுவே அத்தியாயங்கள் வளர்ந்தன. பதினைந்து ஆண்டு கழித்து இவைதாம் 'சந்தோஷமான நாள்கள்' ஆயின. அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. பின்னால் வந்தவற்றோடு ஒப்பிட்டால் அவை சந்தோஷமானவைதான். அப்போது பெர்சி உயிரோடு இருந்தார்.

ஆறினாரா என்று கேட்பதற்கு முன்னால், எழுதும்போது என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்திருக்கிறார்கள். 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் கல்லூரி மாணவர்களை நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், தம் வாழ்வின் மிக மோசமான அனுபவத்தை எழுதச் சொன்னார்கள். நடந்ததையும் பட்ட உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்களுக்கு அப்போதைக்கு இரத்த அழுத்தம் ஏறியது, மனம் கெட்டது. பிந்தைய மாதங்களில் அவர்கள் கல்லூரி மருத்துவமனைக்குப் போனது குறைந்தது. அப்போதிருந்து நூற்றுக்கணக்கான ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அவற்றில் 146ஐ 2006இல் ஜோவான் ஃப்ராட்டரோலி ஒன்றாக வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தார். பலன் உண்டு, மிகச் சிறிய பலன். புத்தகக் கடைகளின் சுயமுன்னேற்ற அலமாரி தாங்கும் அளவைவிடச் சிறியது.

எனக்கு இவற்றில் முக்கியமாகப் படுவது 1996இல் மெலனி கிரீன்பெர்க்கும் உடன் பணியாற்றியவர்களும் செய்த ஆய்வு. முன்பே துயரம் பட்ட கல்லூரிப் பெண்கள் அதில் பங்கேற்றார்கள். ஒரு பகுதியினர் தமக்கு நேர்ந்ததை எழுதினார்கள். இன்னொரு பகுதியினர் தமக்கு நேராத, வேறொருவருக்கு நேர்ந்த துயரத்தைத் தமக்கு நேர்ந்ததாகக் கற்பனை செய்து எழுதினார்கள். பின்வந்த மாதத்தில் இரு பிரிவினருமே, சாதாரண விஷயங்களை எழுதியவர்களைவிடக் குறைவாக மருத்துவரிடம் போனார்கள். எழுதி முடித்தவுடன் மனம் குறைவாகச் சோர்ந்தது பொய்த் துயரம் எழுதியவர்களுக்குத்தான். உள்ளதை உள்ளபடி கொட்டினால்தான் ஆறும் என்று நம்பியவர்களுக்கு இது சங்கடமான முடிவு. புனைகதைக்காரர்களுக்கு ஆச்சரியம் இருந்திருக்காது.

கோடாங்கிக்கும் இருந்திருக்காது. நம் ஊர்ப்பக்கம் பேய் பிடித்த பெண்ணின் முன் உடுக்கை அடிப்பவர் எடுத்தவுடன் கேட்பது, "நீ யாரு? எந்த ஊரு? எதுக்கு வந்தே? என்ன வேணும்?" அவள் வாய் வழியே கிணற்றில் விழுந்து செத்த ஒருத்தி பேசுவாள், தூக்கில் தொங்கியவன் பேசுவான். மாமியாரை ஏக வசனத்தில் வைவாள். புருஷன் செய்ததைக் கூட்டத்துக்கு முன்னால் சொல்வாள். தனக்காக ஒரு வாய் சோறு கேட்காதவள் கோழியும் சாராயமும் கேட்பாள். மறுநாள் அவளிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை, பேசியது அவள் இல்லையே. திகில் கதை எழுதுகிறவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய இந்தச் சலுகைதான். பேசியது நானில்லை, பூதம். ஒருமுறை ஓட்டிய பேய் திரும்பி வருவதும் ஊருக்குத் தெரியும். கோடாங்கி அதற்காக வெட்கப்படுவதில்லை, மறுபடி உடுக்கையை எடுக்கிறார்.

ஒரு வேறுபாடு உண்டு. கோடாங்கி பெயர் கேட்கிறார். மேரியின் பூதத்துக்குக் கடைசிவரை பெயர் இல்லை. 1823இல் லண்டனில் அந்தக் கதையை நாடகமாகப் போட்டபோது, நடிகர் பட்டியலில் பூதத்தின் பெயர் வர வேண்டிய இடத்தில் வெறும் கோடு போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்த மேரிக்கு அது பிடித்திருந்தது, ஒரு கடிதத்தில் பாராட்டியும் எழுதினார். 1815 மார்ச்சில் புதைத்த குழந்தையை அப்போது நினைத்தாரா என்று கேட்க எனக்கு உரிமையில்லை. கேட்டிருந்தாலும் சந்தோஷமான நாள்கள் என்றுதான் சொல்லியிருப்பார்.

எழுதியவரே மறுப்பது மேரியோடு நிற்கவில்லை. திகில் எழுத்தாளர் ஸ்டீபன் கிங் நான்கு வயதில் விளையாடப் போன இடத்தில், உடன் விளையாடிய பையன் சரக்கு ரயிலில் அடிபட்டு இறந்தான். கிங்குக்கு அது நினைவே இல்லை. தாய் பின்னாளில் சொல்லித்தான் தெரியும். அவருடைய எல்லாப் புத்தகங்களுக்கும் அந்தத் தண்டவாளம்தான் ஊற்று என்று சொல்பவர்களை அவர் சலிப்போடுதான் பார்க்கிறார். அவரே ஒப்புக்கொள்ளும் கதை வேறு. 1977இல் வந்த 'தி ஷைனிங்' நாவலில் குடிகாரத் தகப்பன் ஒருவன், போதையில் மகனின் கையை முறித்தவன், பனி மூடிய ஹோட்டலில் மனைவி பிள்ளையைக் கொல்லத் துரத்துகிறான். அதை எழுதியவர் அன்றைக்கு ஒரு குடிகாரத் தகப்பன். தன்னைப் பற்றித்தான் எழுதுகிறோம் என்பது எழுதும்போது தனக்கு உறைக்கவில்லை என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார். கைக்குத் தெரிந்தது ஆளுக்குத் தெரியவில்லை. புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது, படமானது. அவர் இன்னும் ஏறக்குறைய பத்தாண்டு குடித்தார், கொக்கேயினும் சேர்ந்துகொண்டது. நிறுத்தவைத்தது எந்த நாவலும் அல்ல. மனைவி டபிதா வீட்டாரையும் நண்பர்களையும் கூட்டி உட்காரவைத்து, அவருடைய எழுத்தறையிலிருந்து பொறுக்கி வந்த பீர் டப்பாக்களையும் கொக்கேயின் குப்பிகளையும் இருமல் மருந்துப் புட்டிகளையும் ஒரு குப்பைப் பையிலிருந்து கம்பளத்தின்மேல் கொட்டினார். இலக்கியத்தின் ஆற்றும் சக்தி பற்றிப் பேசுகிறவர்கள் அந்தப் பையையும் குறிப்பிடுவது நல்லது.

வாசகர்களாகிய நமக்கு ஏன் அந்தக் கடைசிப் படி தேவைப்படுகிறது? ஒருவருடைய குழந்தை செத்ததிலிருந்து நாம் இருநூறு ஆண்டாகச் சுவைக்கும் புத்தகம் வந்தது என்றால், அவருக்கும் ஏதாவது கிடைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். சும்மா வாங்கிக்கொண்டோம் என்று இருக்கக் கூச்சமாக இருக்கிறது. ஆறினார் என்று எழுதிவிட்டால் கணக்கு நேராகிவிடுகிறது. 1831இல் முன்னுரை கேட்ட பதிப்பாளரும் பாதி இதைத்தான் கேட்டார். அவருக்கு மழையும் கெட்ட கனவும் கிடைத்தன. நமக்கு மருந்து வேண்டியிருக்கிறது.

தனக்கு எது உதவியது என்று மேரி சொன்ன இடமும் உண்டு. வில்லியம் இறந்த சில மாதங்களில், நான்காவது பிள்ளையைச் சுமந்துகொண்டு, அவர் 'மட்டில்டா' என்ற குறுநாவலை எழுதத் தொடங்கினார். பேய் இல்லை, இருந்தாலும் திகிலுக்குக் குறைவில்லை. சாகக் கிடக்கும் மகள் ஒருத்தி, தகப்பன் தன்மேல் கொண்ட தகாத ஆசையையும் அவன் கடலில் மாண்டதையும் சொல்கிறாள். அதே நாள்களில் சொந்தத் தகப்பன் வில்லியம் காட்வினிடமிருந்து கடிதம் வந்தது. பெரிய தத்துவ ஞானி. பிள்ளை செத்ததற்காக இப்படி இடிந்து கிடந்தால் நீயும் சாதாரணப் பெண்களில் ஒருத்தியாகிவிடுவாய் என்று மகளுக்குப் புத்தி சொல்லியிருந்தார். 1822 ஜூலையில் பெர்சி கடலில் மூழ்கி இறந்தபின், மேரி தன் நாட்குறிப்பில் மட்டில்டாவை நினைத்துக்கொள்கிறார். அதை எழுதியபோது அவ்வளவு துயரத்திலும், எழுத்தின் வேகம் துயரத்தைக் கொஞ்ச நேரத்துக்கு அடக்கிவைத்தது என்கிறார். அவருடைய சாட்சியம் அவ்வளவுதான். ஆறியது என்று இல்லை. எழுதிய நேரத்துக்கு அடங்கியிருந்தது. இதை யாரும் கேட்டு அவர் எழுதவில்லை, அதனால் முன்னுரையைவிட இதைத்தான் நான் நம்புகிறேன். அந்தக் கொஞ்ச நேரத்தைக் குறைவாகவும் நினைக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு ஒரு காலைப்பொழுது கழிவது பெரிய காரியம்.

1820இல் அந்தக் கையெழுத்துப் பிரதி ஒரு தோழி வழியாகக் காட்வினுக்குப் போனது. விற்று வரும் பணத்தில் அவருடைய கடன் கொஞ்சம் அடையட்டும் என்று மேரி நினைத்திருந்தார். காட்வினுக்குக் கதையின் பொருள் அருவருப்பாகப் பட்டது. அச்சுக்கும் அனுப்பவில்லை, மகள் கேட்டுப் பார்த்தும் திருப்பித் தரவில்லை. புத்தகம் வெளிவந்தது 1959இல், மேரி இறந்து 108 ஆண்டு கழித்து. ஃபிராங்கன்ஸ்டைனை நாடகமாகப் போடப்போகிறார்கள் என்று 1823இல் தெரிந்ததும், அந்த நாவலுக்கு இரண்டாம் பதிப்புக் கொண்டுவர ஏற்பாடு செய்தவரும், ஆங்கிலப் பதிப்பில் முதன்முறையாக மகளின் பெயரை அச்சிடவைத்தவரும் இதே காட்வின்தான்.