நாற்காலியில் யார் உட்காரலாம்?

'சொந்தமா ஒரு சலூன் வைக்கலாம்னு இருக்கேன் சார். எந்தத் தொழில் படுத்தாலும் முடி வளர்றது நிக்காது பாருங்க!' என்று கணக்குப் போடுகிற இளைஞர்கள் இப்போது நிறையப் பேர். கணக்கில் தப்பில்லை. கடைக்கு அட்வான்ஸ், சுழல் நாற்காலி, சுவர் அகலத்துக்குக் கண்ணாடி, ஏ.சி., தலை கழுவ பேசின், லைசென்ஸ், வேலை தெரிந்த இரண்டு பேர் என்று நோட்டுப் போட்டு எழுதிவிடுவார்கள். ஒரு கேள்வியை மட்டும் யாரும் எழுதுவதில்லை. அந்த நாற்காலியில் யார் யார் உட்காரலாம்?

'இதென்ன கேள்வி? காசு குடுக்கிற யார் வேணா உட்காரலாம்' என்பீர்கள். நகரத்தில் இருந்துகொண்டு சொல்வது சுலபம். ஆனால், இந்தப் பதில் நமக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை.

1948 நவம்பர் 29. அரசியல் நிர்ணய சபையில், இன்று 15-வது பிரிவாக இருக்கும் ஷரத்து விவாதத்துக்கு வந்தது. மதம், சாதி, பால், பிறந்த இடம் என்று எதைக் காட்டியும் ஒருவரைக் கடைக்குள் வரவிடாமல் தடுக்கக் கூடாது என்கிறது அது. சரி, 'கடை' என்றால் எதுவரைக்கும்? அம்பேத்கர் விளக்கினார். அந்தச் சொல்லைப் பரந்த பொருளில்தான் போட்டிருக்கிறோம், சேவை தர முன்வருகிற எவரும் அதில் அடக்கம் என்றார். உள்ளே வர அனுமதித்தால் மட்டும் போதாது, நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டவருக்கு அந்தச் சேவை கிடைக்கவும் வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம்.

சலூனுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் இல்லை. மளிகைக் கடைக்காரர் ஒருவரைத் தொடாமலே பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம். சலூனில் அது நடக்குமா? தாடையைப் பிடித்துத் திருப்பணும், காதை மடக்கணும், கழுத்தில் கை வைக்கணும். தொடுவதுதான் அங்கே வியாபாரமே. அதனால், தீண்டாமை ஒளிந்துகொள்ள முடியாத இடமும் அதுதான்.

கிராமங்களில் முடிதிருத்துபவருக்கு அறுவடையின்போது நெல் அளப்பது பழைய வழக்கம். அது வெறும் கூலி அல்ல, கழுத்துக் கயிறு. யாருக்கு வெட்டலாம், யாருக்குக் கூடாது என்பதை அவரா முடிவு செய்தார்? நெல் அளந்தவர்கள் முடிவு செய்தார்கள். ஒரு தலித் தலையில் கை வைத்தால், மறுநாள் ஊரில் பாதி வாசல் அவருக்கு மூடிக்கொள்ளும். இத்தனைக்கும், அவரையும் அந்த ஊர் சமமாக உட்கார வைத்ததில்லை. தலித்துகளுக்கு முடிவெட்ட மறுத்ததாக வழக்கு, கைது என்ற செய்திகள் 2020-களிலும் தமிழ்நாட்டில் வந்திருக்கின்றன.

டவுன் சலூனில் 'கட்டிங் இவ்வளவு, ஷேவிங் இவ்வளவு' என்று ஒரு பலகை தொங்குமே, அது இரண்டு பேரை விடுவித்தது. வெட்டுகிறவர் நெல்லுக்குக் காத்திருக்க வேண்டாம். உட்காருகிறவர் 'நீ எந்தத் தெரு?' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம்.

அப்படியானால், கடைக்காரர் யாரையுமே திருப்பி அனுப்பக் கூடாதா? தாராளமாக அனுப்பலாம். குடித்துவிட்டு வந்து கலாட்டா செய்தால், 'நாளைக்கு வாங்கண்ணே' என்று சொல்லலாம். அது நடத்தைக்கான மறுப்பு. பெண்கள் பார்லரில் ஆண்களை விடாதது உள்ளே இருக்கிற பெண்களின் கூச்சத்துக்காக. அதனால் எந்த ஆணும் தன்னைக் கேவலமாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவதில்லை. ஆக, மறுப்பைப் பார்த்து நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான். இதனால் ஒரு மனிதர் கீழே தள்ளப்படுகிறாரா?

இப்போது உங்கள் புது ஏ.சி. சலூனுக்கு வருவோம். ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். ஒரு திருநங்கை கதவைத் திறக்கிறார். மூன்று நாற்காலி காலியாக இருக்கிறது. 'ஆள் இல்லீங்க, அப்புறம் வாங்க.' அவர் போன பிறகு கேட்டுப்பாருங்கள். 'எனக்கு ஒண்ணும் இல்ல சார். மத்த கஸ்டமர்ஸ் என்ன நினைப்பாங்க?' என்று பதில் வரும்.

கிராமத்து முடிதிருத்துபவர் சொன்னதும் இதேதான். ஆனால், அவர் மறுக்காவிட்டால் அடுப்பு எரியாது. நீங்கள் மறுக்காவிட்டால் என்ன ஆகும்? அதிகம் போனால் ஒரு கஸ்டமர் முகம் சுளிப்பார். இரண்டும் ஒரே எடையா?

அந்த 'மத்த கஸ்டமர்ஸ்' யார்? பேப்பரை விரித்துக்கொண்டு நம் முறைக்காகக் காத்திருக்கும் நாம்தான்! நம் பெயரைச் சொல்லித்தான் கதவு சாத்தப்படுகிறது, பல நேரம் நம்மைக் கேட்காமலே. 'அவங்களை உட்கார வைங்க, நான் வெயிட் பண்றேன்' என்று ஒருத்தர் சொல்லிவிட்டால், முதலாளிக்கு அந்தச் சாக்கு போய்விடும்.

கடை வைக்கப்போகிற தம்பிகள் நோட்டில் இதையும் எழுதிக்கொள்ளட்டும். போர்டு மாட்டுவது என்பது, முகம் தெரியாத ஊர் முழுவதையும் 'வாங்க' என்று கூப்பிடுவது. கூப்பிட்ட பிறகு, வந்தவர் யார் என்று பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லக் கூடாது.