தோழனின் பெயரையும் எழுதுங்கள்



இந்த நவம்பர் 2-ஆம் தேதி, இறந்தோர் நினைவுநாளில், கல்லறைத் தோட்டத்தில் பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, மந்திரிப்புக்காகக் காத்து நின்றோம். நம் வீட்டார் அடங்கியிருக்கும் இடம் நமக்கு நடந்துபோகிற தூரம்தான். இன்று யாருடைய கருத்துக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோமோ, அந்த முன்னாள் படைவீரர்கள் பலருக்கு அந்த வசதி இல்லை. அவர்களுடைய தோழர்கள் எங்கோ மலையில் விழுந்தவர்கள்.

லடாக்கில் சுசூல் பக்கம் ரெசாங் லா என்றொரு கணவாய் உண்டு. உயரம் 16,000 அடிக்கு மேல். 1962 நவம்பர் 18 அன்று, குமாவோன் ரெஜிமென்ட்டின் 13-ஆவது பட்டாலியனைச் சேர்ந்த சார்லி கம்பெனி மேஜர் சைத்தான் சிங் தலைமையில் அங்கே சீனப் படையை எதிர்த்து நின்றது. ஏறக்குறைய 120 பேர். பெரும்பாலோர் இன்றைய ஹரியானாவின் ரேவாரிப் பக்கத்துப் பிள்ளைகள். இடையில் மலைமுகடு மறித்ததால் பீரங்கி உதவியும் கிடைக்கவில்லை. 114 பேர் மடிந்தார்கள்.

பிழைத்து வந்த சிலர் நடந்ததைச் சொன்னார்கள். நம்பத்தான் ஆளில்லை. அத்தனை பேரும் கடைசிவரை நின்றார்களா என்று சந்தேகப்பட்டார்கள். கோழைகள் என்ற பேச்சும் அடிபட்டது. 1963 பிப்ரவரியில் ஆடு மேய்க்கும் ஒருவர் அந்த மலையில் பார்த்து வந்து சொன்ன பிறகுதான் உண்மை தெரிந்தது. உறைந்த உடல்கள் பதுங்குகுழிகளிலேயே, கையில் ஆயுதத்தோடு இருந்தன. மருத்துவ உதவியாளரின் கையில் ஊசிக்குழலும் கட்டுத்துணியும். உயிரோடு வந்தவர்களின் சொல்லுக்குச் செத்தவர்கள் சாட்சி சொல்ல வேண்டியதாயிற்று.

மேஜரின் உடலை ஜோத்பூருக்குக் கொண்டுபோனார்கள். மற்றவர்களைச் சுசூலிலேயே எரியூட்டினார்கள். அங்கே எழுந்த நினைவிடத்தைப் புதுப்பித்து 2021 நவம்பர் 18 அன்று திறந்தபோது, அந்தப் போரைக் கண்ட ஓய்வுபெற்ற பிரிகேடியர் ஆர்.வி. ஜதார் சக்கர நாற்காலியில் வந்தார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனவர் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங். அமைச்சர் செய்ததைத்தான் எல்லாரும் பேசினார்கள். எனக்கு அந்தப் பெரியவரைப் பற்றித்தான் யோசனை. அந்தக் குளிரில், மூச்சு முட்டும் உயரத்துக்கு, அந்த வயதில் எதற்காகப் போக வேண்டும்?

விடை தேட, மக்கபேயர் இரண்டாம் நூலிலிருந்து கேட்ட இன்றைய முதல் வாசகத்துக்கு வருவோம். போர் முடிந்தது, ஓய்வுநாளும் கழிந்தது. மடிந்த தோழர்களைத் தங்கள் மூதாதையர் கல்லறைகளில் அடக்கம் செய்ய யூதப் படைத்தலைவர் யூதா மக்கபேயும் அவருடைய ஆட்களும் போகிறார்கள். உடலைத் தூக்கினால், ஒவ்வொருவனின் ஆடைக்குள்ளும் யாம்னியா ஊர்ச் சிலைகளின் தாயத்து! திருச்சட்டம் விலக்கியது அது. வேறொரு தளபதியாக இருந்தால், வெளியே தெரியாமல் மறைத்திருப்பார். இல்லையென்றால், இவர்களுக்கு என்ன மரியாதை என்று திரும்பியிருப்பார். யூதா இரண்டும் செய்யவில்லை. ஆளாளிடம் கேட்டு 2,000 வெள்ளிக்காசு திரட்டி, பாவம் போக்கும் பலிக்காக எருசலேமுக்கு அனுப்பிவைத்தார்.

நாமோ கல்லில் பெயர் வெட்டும்போது எல்லாரையும் மாவீரர் என்றே எழுதுகிறோம். தகும், எழுதட்டும். ஆனால் ஒரே பதுங்குகுழியில் உடன் கிடந்தவருக்கு, மடிந்த தோழனை வேறுவிதமாகவும் தெரியும். வாங்கிய கடனைத் திருப்பித் தராதவன், சீட்டாட்டத்தில் ஏய்த்தவன், ராத்திரியில் அம்மாவை நினைத்து அழுதவன், தன் பங்கு ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தவன். இந்த முழு மனிதனைத் தேடித்தான் அந்தப் பிரிகேடியரைப் போன்றவர்கள் நினைவிடத்துக்குப் போகிறார்கள் என்பது என் எண்ணம். இந்த முழு மனிதனுக்காகத்தான் திருச்சபையும் மன்றாடுகிறது.

இன்னொன்று. போரிலிருந்து மீண்டவரிடம், “கடவுள் உங்களை ஏதோ ஒரு காரணத்துக்காகத்தான் காப்பாற்றினார்” என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ஆறுதலாகத்தான் சொல்கிறீர்கள். அப்படியென்றால் அந்த 114 தாய்மார்களுக்கு என்ன பதில்? லாசரின் சகோதரி மரியா அழுதபோது ஆண்டவர் அவளுக்குக் காரணம் சொல்லவில்லை. அவரும் அழுதார்.

நம் பங்கிலும் பட்டாளத்தார் இருக்கிறார்கள். மிலிட்டரி கேன்டீன் சாமான் வேண்டுமென்றால் அவர்கள் வீடு நமக்கு நன்றாகத் தெரியும். சிரிக்காதீர்கள், உண்மைதானே? அவர்கள் பேச ஆரம்பித்தால் மட்டும், பழைய கதை என்று எழுந்துவிடுகிறோம். ரெசாங் லாவில் நடந்ததைச் சொன்னவர்களும் இப்படிக் கேட்க ஆளில்லாமல் தவித்தவர்கள்தான்.

பட்டாளத்து ஐயாமாரே, பீடத்தின் அருகே இறந்தோர் பெயர்களுக்கான பெட்டி இந்த மாதம் முழுவதும் இருக்கும். வீட்டார் பெயரோடு உங்கள் தோழர்களின் பெயரையும் எழுதிப் போடுங்கள். அவர் இந்துவா, சீக்கியரா, முஸ்லிமா என்று தயங்க வேண்டாம். திருப்பலியில் இறைவனின் இரக்கத்தில் இறந்த அனைவரையும் நினைத்தே மன்றாடுகிறோம். எதிர்ப்பக்கத்தில் விழுந்தவனின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்காது. பகைவருக்காகவும் மன்றாடச் சொன்னவர் நம் ஆண்டவர். ‘எதிரில் நின்றவர்’ என்று எழுதினால் போதும். கை நடுங்கி எழுத முடியாதவர்கள் பூசை முடிந்ததும் என்னிடம் வாருங்கள். நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன்.