நூற்காத நூலின் முடிச்சு

(சோழபுரம் விக்கிரம பாண்டீசுவரர் கோயில் மண்டபம். சாயங்கால பூசை முடிந்துவிட்டது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் தூணில் சாய்ந்திருக்கிறார். ராஜபாளையம் நூற்பாலையில் பகல் ஷிப்டு முடித்து வந்த சீடன், தலைமுடியில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டு எதிரே உட்காருகிறான்.)

சீடன்: ஐயா, மூன்று ராத்திரியாகத் தூக்கமில்லை.

குரு: ஷிப்டு மாறிவிட்டதா?

சீடன்: இல்லை, ‘ஷெர்லக்’ தொடர் பார்க்கிறேன். துப்பறிவாளர் லண்டனில் ஒரு மருத்துவமனையின் மாடியிலிருந்து நண்பரின் கண்ணெதிரே குதிக்கிறார். அடக்கமும் ஆகிவிடுகிறது. கடைசிக் காட்சியில் பார்த்தால் கல்லறைக்குச் சற்றுத் தள்ளி உயிரோடு நிற்கிறார்! 2012 ஜனவரியில் வந்த பகுதி அது. அடுத்த பகுதி 2014இல்தான் வந்தது. இடைப்பட்ட இரண்டு வருஷமும் ரசிகர்கள் ஆளுக்கொரு ஊகம் கட்டியிருக்கிறார்கள்.

குரு: விடை வந்ததா?

சீடன்: ஒன்றுக்கு மூன்றாக வந்தது. முதல் இரண்டும் ரசிகர்களின் ஊகத்தைக் கேலி செய்பவை. மூன்றாவதை ஷெர்லக்கே சொல்கிறார். கேட்டவனுக்கு அதிலும் திருப்தியில்லை. உண்மையில் அவர் எப்படித் தப்பினார் என்பதை நான் கண்டுபிடித்துவிட்டேன், ஐயா.

குரு: ‘உண்மையில்’ என்று ஒரு சொல் போட்டாயே, அதை எதன் மேல் நிறுத்துவாய்? நூற்காத நூலில் முடிச்சு விழுமா?

சீடன்: புரியவில்லை.

குரு: கதையில் எழுதப்பட்டதுதான் இருக்கிறது. எழுதாத இடத்தில் ஷெர்லக்கும் இல்லை, அவர் தப்பிய வழியும் இல்லை. நீ கண்டுபிடிக்கவில்லை, மிச்ச நூலை நீயே நூற்றாய். அதில் தப்பில்லை. ஆனால் நூற்றதைக் ‘கண்டேன்’ என்று சொல்லாதே. தொண்ணூறுகளில் இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விடாது கருப்பு’ தொடர் ஓடியபோது, கருப்பு யார் என்ற ஊகத்தில் நம் ஊர் டீக்கடையிலும் வாரத்துக்கு ஒருவரைக் கருப்பாக்கினார்கள். நானும் இரண்டு பேரை ஆக்கினேன்.

சீடன்: அப்படியானால் சோழ இளவரசர் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று கேட்பதும் வீண்தானா?

குரு: எந்தக் கரிகாலனை?

சீடன்: எத்தனை கரிகாலன் இருக்கிறார்?

குரு: இரண்டு பேர். ஒருவர் கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய தொடர்கதையில் செத்தவர். கடம்பூர் மாளிகையில் விளக்கு அணைகிறது, இளவரசர் கிடக்கிறார். பழி வந்தியத்தேவன் மேல் விழுகிறது. மணிமேகலை ‘நான்தான்’ என்கிறாள், பெரிய பழுவேட்டரையரும் ‘நான்தான்’ என்கிறார். கல்கி முடிச்சை அவிழ்க்காமலே கதையை முடித்தார். அந்த ஆண்டு டிசம்பரில் காலமும் ஆகிவிட்டார். அந்தக் கரிகாலனைக் கொன்றவர் ஒளிந்திருக்கவில்லை. அப்படி ஒருவர் படைக்கப்படவே இல்லை.

சீடன்: இன்னொருவர்?

குரு: ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் மூச்சு விட்டவர். அவரைக் கொன்ற கைக்கு ரேகை இருந்தது. நமக்குத் தெரியாமல் போனாலும் விடை என்று ஒன்று இருந்தது. இல்லாத விடை வேறு, கிடைக்காத விடை வேறு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுவதுதான் உன் தூக்கத்தைக் கெடுக்கிறது.

சீடன்: அந்த இரண்டாமவரைப் பற்றி எனக்கு ஓர் ஊகம் உண்டு.

குரு: சொல். ஆனால் சைவ சித்தாந்தம் கொள்ளும் மூன்று அளவைகளில் வைத்துச் சொல்: காட்சி, கருதல், உரை.

சீடன்: கொலையைப் பார்த்தவர் இன்று யாரும் இல்லை. ஆக, காட்சி கிடையாது. உரை உண்டு. காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு. முதலாம் ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டு. கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகிய சகோதரர்களை அது குறிக்கிறது. இனி கருதல். ரவிதாசனுக்குப் ‘பஞ்சவன் பிரமாதிராஜன்’ என்று பட்டம். பஞ்சவன் என்றால் பாண்டியன். கரிகாலனோ வீரபாண்டியன் தலைகொண்டவன். ஆகவே இது பாண்டிய நாட்டின் பழிவாங்கல்!

குரு: பரமேசுவரனின் பட்டம் என்ன?

சீடன்: ... ‘இருமுடிச்சோழ பிரமாதிராஜன்.’

குரு: கூடப் பிறந்தவர்கள். ஒருவர் பட்டத்தில் பாண்டியன், மற்றவர் பட்டத்தில் சோழன். நீ முதல் பட்டத்தை எடுத்துக்கொண்டு இரண்டாவதைக் கல்லிலேயே விட்டுவிட்டாய். இந்த ஊருக்குப் பெயர் சோழபுரம், சாமிக்குப் பெயர் விக்கிரம பாண்டீசுவரர். ஒன்றை மட்டும் படித்துவிட்டு இது யார் ஊர் என்று தீர்ப்புச் சொல்வாயா?

சீடன்: அப்படியானால் சோழ அரண்மனைக்குள்ளேயே கை இருந்திருக்கும். அடுத்துப் பட்டம் ஏறியவர் உத்தம சோழர். குற்றவாளிகள் மேல் நடவடிக்கை ராஜராஜன் காலத்துக் கல்லில்தான் தெரிகிறது. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியே உத்தமரைச் சந்தேகித்தாரே!

குரு: சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்தார். இருவரும் படித்தது ஒரே கல். கொன்றவர் யார் என்று கல் சொல்கிறது. ஏவியவர் யார் என்று சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தில் நீ முதலில் பாண்டியனை வைத்தாய், நான் ஒரு கேள்வி கேட்டதும் சோழனைத் தூக்கி வைத்தாய். ஒரு கேள்விக்குள் இடம் மாறுகிறதே, அது கருதலா, ஆசையா?

சீடன்: பாண்டிய நாட்டுப் பிள்ளை என்கிற ஆசைதான் முதலில் பேசியது. அடுத்தது உங்களிடம் தோற்கக்கூடாது என்கிற ஆசை.

குரு: இன்றைக்குக் கண்டுபிடித்தது அதுதான்.

சீடன்: அப்படியென்றால் ஊகமே செய்யக்கூடாதா?

குரு: ஊகம் இல்லாவிட்டால் அந்தக் கல்லைப் படிக்கவே ஆள் இருந்திருக்காது. ஆனால் ஊகம் கட்டும்போதே, எது கிடைத்தால் இது விழும் என்று நீயே சொல்லிவிட வேண்டும். விழ வழியில்லாத ஊகம் வெறும் பிடிவாதம். அந்தக் கல்வெட்டில் இன்னொன்றும் இருக்கிறது. தண்டனையாகப் பறிக்கப்பட்டது அந்தச் சகோதரர்களின் சொத்து மட்டுமா?

சீடன்: இல்லை. பிள்ளைகள், தாய்மாமன்மார் என்று உறவினர் சொத்தும்.

குரு: அந்த மாமன்மார் என்ன செய்தார்கள்?

சீடன்: கல் சொல்லவில்லை.

குரு: ஆனாலும் அவர்கள் பேர் துரோகிகளோடுதான் நிற்கிறது. ஷெர்லக் பற்றிய ஊகத்தால் யாருக்கும் நிலம் போகாது. ஆனால் புத்தி ஒன்றுதானே, தம்பி? ராத்திரி தொடரில் பழகியது காலையில் தெருவுக்கு வரும். போன மாதம் உன் தோட்டத்துக் கிணற்று மோட்டார் காணாமல் போனதே...

சீடன்: (தலையைக் குனிந்து) அண்ணன் காயில் கட்ட ராஜபாளையத்துக்கு எடுத்துப் போயிருந்தார்.

குரு: அது தெரிவதற்கு முன்னால் டீக்கடையில் யார் பேரைச் சொன்னாய்?

சீடன்: ஆடு மேய்க்கிற பையன் பேரை. அன்று அந்தப் பக்கம் அவன்தான் போனான். கையில் சாக்கு வைத்திருந்தான்.

குரு: சாக்கு காட்சி. மோட்டார் கருதல். சாக்கில் என்ன இருந்தது?

சீடன்: கேட்கவில்லை, ஐயா. பிறகு கேட்டேன். வேப்பங்கொட்டை.

குரு: மோட்டார் கிடைத்ததை டீக்கடையில் சொன்னாயா?

சீடன்: வீட்டில் சொன்னேன்.

குரு: பேர் விழுந்தது டீக்கடையில். வீட்டில் எழுந்து என்ன பயன்?

(சீடன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டுகிறான்.)

குரு: ஷெர்லக் எப்படித் தப்பினார் என்று சொல்லாமலே போகிறாயே?

சீடன்: அவர் இருக்கட்டும், ஐயா. கடை எட்டரைக்குச் சாத்திவிடுவார்கள்.