நிறமில்லாத நஞ்சு

மலேசியாவின் பேராக் மாநில ரப்பர் தோட்டங்களில் வளர்ந்த தலைமுறைக்குத் தண்ணீரைச் சோதிக்கக் கண்ணும் நாக்கும்தான் இருந்தன. கலங்கியிருந்தால் தெளியவிடுவார்கள், சந்தேகம் வந்தால் கொதிக்கவைப்பார்கள். கிருமிக்கு அது போதும். ஆர்செனிக்கிடம் பலிக்காது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் ஆவியாகும்; நஞ்சு தங்கிவிடும்.

அந்த நஞ்சு இந்த மண்ணுக்குப் புதியதல்ல. பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் வெள்ளீயம் தோண்டியபோது ஆர்செனிக் கலந்த கனிமமும் கூடவே மேலே வந்தது. தோட்டங்களில் லாலாங் புல்லைக் கொல்ல சோடியம் ஆர்செனைட் அடித்தார்கள். அறுபதுகளில் அதன் இடத்தைப் பாராகுவாட் என்ற களைக்கொல்லி பிடித்தது. மருந்து டின்னை முதுகில் சுமந்து அதை அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நகம் நிறம் மாறி, வெடித்து, கழன்று விழும். மூக்கில் இரத்தம் கசியும். மலேசிய அரசு 2002இல் தடையை அறிவித்து, 2006இல் தளர்த்தி, 2020 ஜனவரி 1 முதல்தான் முழுமையாகத் தடுத்தது. பாதிக்கப்பட்டவளுக்கு அவள் உடம்பு மட்டுமே சாட்சி. அளக்கும் கருவி வேறு யாரிடமோ இருந்தது.

ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவிலும் இதுதான் நடந்தது. ஏஷியன் ரேர் எர்த் ஆலையின் கதிரியக்கக் கழிவை எதிர்த்த மக்களுக்கு, 1984இல் ஜப்பானியப் பேராசிரியர் சடாவோ இச்சிகாவா வந்து அளந்து சொன்ன பிறகே கையில் ஓர் எண் கிடைத்தது. மறு ஆண்டே ஈப்போ உயர்நீதிமன்றத்தில் தடையுத்தரவு வாங்கினார்கள்.

கருவி இல்லாதவரும் நஞ்சைக் கண்ணாலேயே காண ஒரு வழி தங்கத்தில் இருக்கிறது. மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒன்றிரண்டு பங்கு அளவுக்கு நுணுக்கிய தங்கம் நீரில் மாதுளைச் சாறுபோலச் சிவந்திருக்கும். 1857இலேயே ஃபாரடே இந்தச் சிவப்பை ஆராய்ந்தார். துகள்களின் மேல் ஏற்ற மூலக்கூறுகளைப் பூசிவைத்தால், பாதரசமோ ஆர்செனிக்கோ நுழைந்ததும் அவை ஒன்றையொன்று பற்றித் திரளும். சிவப்பு கண்முன்னே நீலமாகும். வெறும் உப்பு கூடினாலும் நீலமாகும் என்பதால், ஆய்வகத்தில் எளிதானது வெள்ளீயச் சுரங்கக் குட்டைத் தண்ணீரில் அத்தனை எளிதல்ல. சென்னை ஐஐடியில் பேராசிரியர் தலப்பில் பிரதீப்பின் குழு 2003இல் எண்டோசல்பான் என்ற பூச்சிக்கொல்லியைத் தங்க, வெள்ளி நுண்துகள்களால் கண்டறியலாம், பிரித்தெடுக்கலாம் என்று காட்டியது. 2007இல் வெள்ளித் துகள் கொண்ட வீட்டு வடிகட்டி சந்தைக்கு வந்தது. ஆர்செனிக்கை அகற்ற அதே குழு இரும்பு சார்ந்த 'அம்ரித்' வடிகட்டியைப் பின்னர் உருவாக்கியது.

வடிகட்டி வேண்டியதுதான். ஆனாலும் அந்த நிறமாற்றமே எனக்குப் பெரிதாகப் படுகிறது. வடிகட்டியைக் கொடுத்தவர் நாளை நிறுத்திவிடலாம். தன் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தானே பார்த்துவிட்டவளிடம், 'ஒன்றுமில்லை, போ' என்று இனி யாரும் சொல்ல முடியாது.

அப்படி நிறம் மாறிக் காட்டும் நம்பகமான சோதனைக் குழாய் மலிவாகக் கிடைக்கும் நாளில், அது முதலில் பேராக்கின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிகளுக்குப் போகட்டும். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் வீட்டுத் தண்ணீரைப் போத்தலில் கொண்டுவந்து, தாங்களே துளிவிட்டுப் பார்த்து, தேதி போட்டு எழுதட்டும். அந்தப் பக்கங்களோடு பெற்றோர் சுகாதார அலுவலகத்துக்குப் போகலாம்.