இரு தராசுகளுக்கு நடுவே

நடுவுநிலைமைக்கென ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், சான்றோரின் நெஞ்சுக்குத் துலாக்கோலை உவமை கூறினார். சாயாத கோல் உயர்ந்தது என்பதை யாரே மறுப்பர்? ஆயினும் எனக்கு ஓர் ஐயம் உண்டு. கோல் சாயவில்லை; நிறுப்பவரும் நேர்மையானவரே. ஆனால் நிறுக்க வேண்டிய பொருளை இரண்டாக வெட்டி, ஒரு துண்டை ஒரு கடையிலும் மறு துண்டை வேறொரு கடையிலும் நிறுத்தால், முழுப் பொருளின் எடை எந்த ஏட்டில் பதிவாகும்? தொழிலிடங்களில் நிகழும் அநீதிகளை எண்ணும்போதெல்லாம் இவ்வையம் என்முன் வந்து நிற்கிறது.

வெட்டி நிறுத்த கதை ஒன்று அமெரிக்க நீதிமன்ற ஏடுகளில் உள்ளது. செயிண்ட் லூயி நகரில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 1964ஆம் ஆண்டுக்கு முன் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுக்கும் வழக்கமே இல்லை எனலாம். இன வேற்றுமையையும் பால் வேற்றுமையையும் தடுக்கும் சட்டம் அவ்வாண்டில் வந்தது. அதன் பின்னரே கதவு திறந்தது. பத்தாண்டுகளுக்குள் தொழில் மந்தம் வந்தது. கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியேற வேண்டும் என்ற மூப்புமுறைப்படி ஆட்குறைப்பு நடந்தபோது, 1970க்குப் பின் சேர்ந்திருந்த கறுப்பினப் பெண்கள் அனைவரும் வேலை இழந்தனர். அவர்களில் ஐவர் வழக்குத் தொடுத்தனர். 1976இல் தீர்ப்பு வந்தது. நிறுவனம் பெண்களை 1964க்கு முன்பே வேலைக்கு எடுத்திருக்கிறது, ஆகவே பால் வேற்றுமை இல்லை என்றது நீதிமன்றம். அப்பெண்கள் வெள்ளையர் என்பது அங்கே கணக்கில் வரவில்லை. இன வேற்றுமை என்றால், அதே நிறுவனத்தின் மீது முன்பே நடந்துவரும் இன வழக்கோடு சேர்ந்துகொள்க என்றது. கறுப்பினப் பெண் என்னும் தனி வகையைச் சட்டம் அறியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்பை ஆராய்ந்த சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் எழுதிய கட்டுரையில் நாற்சந்தியை உவமையாக்கினார். சந்தியில் நிற்பவர் மீது எத்திசை வண்டியும் மோதலாம். பல திசை வண்டிகள் ஒருங்கேயும் மோதலாம். மோதிய வண்டி இன்னதென்று பிரித்துக் காட்டினாலன்றி மருந்திட மாட்டேன் என்று மருத்துவர் கூறலாமோ?

இது அயல்நாட்டுக் கதை என்று ஒதுக்குவார் உளர். அவர்கள் மூணாற்றை நினைத்துப் பார்க்கட்டும். கண்ணன் தேவன் மலைகளில் தேயிலை பயிரிடத் தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து ஏழை மக்கள் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். தலைமுறைகள் கடந்தன, லயங்கள் மாறவில்லை. கொழுந்து பறிப்பவர் பெரும்பாலும் பெண்கள். நாளொன்றுக்கு 21 கிலோ என்பது அன்றைய அளவு. நாட்கூலி 2015இல் 232 ரூபாய். அவ்வாண்டு போனஸ் 10 விழுக்காடு என்று அறிவிக்கப்பட்டதும், செப்டம்பரில் ஆயிரக்கணக்கான பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சாலையில் அமர்ந்தனர். 20 விழுக்காடு போனஸும் 500 ரூபாய் கூலியும் வேண்டும் என்றனர்.

அவர்களுடைய சினம் நிர்வாகத்தோடு நிற்கவில்லை. தங்கள் பெயரால் பேசிவந்த தொழிற்சங்கத் தலைவர்களை அருகே வரவிடாமல் விரட்டினர். தம் வீட்டு ஆடவரையும் முன்வரிசைக்கு வரவேண்டாம் என்றனர். தோட்டத் தொழிலாளர்க்குத் தொழிற்சங்கங்கள் பெற்றுத் தந்தவை சிறியன அல்ல. அதனை மறப்பது நன்றியன்று. ஆனால் அச்சங்கங்களின் மனத்தில் தொழிலாளி என்றால் ஆணாகவே இருந்தான். கூடை சுமந்தவர்கள் பேச்சுவார்த்தை மேசையில் இல்லை. பெண்ணுரிமை பேசிய நகரத்து இயக்கங்களுக்கு மலை எட்டாத தொலைவு. சாதியின் பெயரால் குறையுரைக்கலாமெனில் அங்கும் ஒரு தடை இருந்தது: பட்டியல் சாதியினர் என்னும் தகுதி மாநில எல்லையைக் கடந்து செல்லாது. 1950க்கு முன்பே தம் குடும்பம் அங்குக் குடியிருந்தது என்று மெய்ப்பித்தாலன்றிச் சாதிச் சான்றிதழ் கிட்டாது. கம்பெனி லயத்தில் பிறந்து லயத்தில் இறந்தவர் எந்தப் பட்டாவைக் காட்டுவார்? வேலை போனால் வீடும் போகும் என்பதால், வீட்டைக் காக்கவே மகளும் கூடையைத் தூக்கினாள். ஆக, வர்க்கத்தின் தராசிலும் பெண்மையின் தராசிலும் சாதியின் தராசிலும் அவள் பாதியாகவே நிறுக்கப்பட்டாள். ‘பெம்பிளை ஒருமை’ என்று அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயரில், என்னை முழுதாக நிறுத்துப் பார் என்னும் கோரிக்கையே எனக்குக் கேட்கிறது. ஒன்பதாம் நாள் போனஸ் கோரிக்கை நிறைவேறியது. கூலி அக்டோபரில் 301 ரூபாயாயிற்று, அப்போது அதற்குமேல் ஏறவில்லை.

இவ்வாறு ஒவ்வொரு கலப்புக்கும் ஒரு தனி வழக்கு என்று தொடங்கினால் முடிவேது என்று அந்த அமெரிக்க நீதிமன்றமும் அஞ்சியது. அவ்வச்சம் பொருளற்றதன்று, நிர்வாகம் என்பது வகைப்படுத்தாமல் இயங்காது. ஆனால் அப்பெண் பல குறைகளின் கலப்பு அல்லள், ஒரே ஆள். கூறுபோட்டது நம்முடைய ஏடு. ஏட்டின் வசதிக்காக ஆளைக் குறைப்பதைவிட, ஆளுக்கேற்ப ஏட்டைத் திருத்துவது கடினமாயினும் அதுவே முறை என்று கருதுகிறேன்.

நீதிமன்றத்தையும் தொழிற்சங்கத்தையும் கூறியபின் நம் சங்கத்தைக் கூறாமல் விடுவது நடுவுநிலைமை ஆகாது. 1966ஐ ஒட்டிப் பம்பாயில் தென்னிந்தியர்க்கு எதிராக எழுந்த கிளர்ச்சியை நம் பெரியோர் இன்றும் மறக்கவில்லை. மறக்க வேண்டியதுமில்லை. ஆனால் அந்நினைவில் வரும் தமிழர் யார்? தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று, அலுவலகத்தில் பதவி உயர்வு மறுக்கப்பட்ட ஆடவர். அதே காலத்தில் தாராவியில் முறுக்குச் சுட்டு விற்ற தமிழ்ப் பெண்ணுக்கு அந்நினைவில் இடமில்லை. அவளுக்கு மறுக்கப்படுவதற்குப் பதவி உயர்வே இல்லையே!

என் வீட்டுக் கதையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கிய அம்மையார் திருநெல்வேலிப் பக்கத்தவர். என் மனைவியை அக்கா என்பார். நாங்களும் அவரை நம் ஊர்க்காரர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அடுத்த வீட்டு மராத்தியக் குடும்பம் அவருக்குக் கொடுத்த சம்பளம் எங்களுடையதைவிட மிகுதி என்பது வெகுநாள் கழித்தே தெரிந்தது. ஏன் கேட்கவில்லை என்றதற்கு, “நம்ம மனுஷங்ககிட்ட எப்படிக்கா கணக்குப் பேசுறது?” என்றார். ஓர் ஆண்டு பொங்கலன்று விடுப்புக் கேட்டார். அன்றுதான் எங்கள் வீட்டில் விருந்தினர் மிகுதி. மறுநாள் எடுத்துக்கொள்ளலாமே என்றோம்; சரி என்று தலையசைத்தார். அன்று மாலை சங்க மேடையில் நான் ஒரு மணி நேரம் பேசினேன். எனக்குத் தந்திருந்த தலைப்பு, தமிழர் ஒற்றுமை.